துலாம் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது

தம்ளரில் பிடித்து வைத்திருந்ததை மாரீஸ்வரன் கண்ணாடிக் குழாயில் சாய்த்து ஊற்றினான். தம்ளரின் அடியில் அவன் மனைவி செண்பகம் நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தாள், அவசரத்தில் யாராவது அதில் விருந்தாளிக்குக் காபி ஊற்றிக் கொடுத்துவிடக் கூடாதே என்று. பொட்டு வைத்த பிறகும் ஒருமுறை அவனே அதில் தண்ணீர் குடித்திருக்கிறான். குடித்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது, பெற்ற பிள்ளையின் மூத்திரம்தானே, வாந்தியையும் மற்றதையும் கையில் ஏந்தின ஆளுக்கு இது ஒரு பெரிய விஷயமா. செண்பகம் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவாள். இந்த ஊரில் கம்பெனிக்கெல்லாம் ஆபீஸ் என்றுதான் பெயர், மருந்து முக்குகிறவளும் ஆபீசுக்குத்தான் போகிறாள், கட்டை அடுக்குகிறவளும் ஆபீசுக்குத்தான் போகிறாள். அவன் வேலை பார்க்கிற பிரஸ் மட்டும் ஏனோ பிரஸ்தான். அது மெதுவாகத் திறக்கும், அதனால் காலைப் பொழுதும் பிள்ளையும் குழாயும் அவன் பொறுப்பு. முன்னறையில் வர்ஷிகா டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், மூன்றாம் வகுப்புச் சீருடையில், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. சத்தம் குறைவாக இருந்தால் டிவி ஓடுவது அப்பாவுக்குத் தெரியாது என்று ஒரு கணக்கு. அவன் சிறிய பாட்டிலைத் திறந்து சொட்டுகளை விட்டான். புரதம் கழியவில்லை என்றால் குழாய் தெளிந்தே நிற்கும், கழிந்தால் கலங்கும். கலங்கல் எவ்வளவு என்று தெரிய, குழாயை அச்செழுத்துக்கு முன்னால் பிடித்துப் படித்துப் பார்க்க வேண்டும், எழுத்து தெரிந்தால் பயமில்லை, தெரியாவிட்டால் மதுரை ஆஸ்பத்திரிக்கு போன் போட வேண்டும். வீக்கம் வருவதற்கு முன்னாலேயே குழாய் சொல்லிவிடும் சார், நீங்க குழாயை மட்டும் நம்புங்க, என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை வந்துவிட்டால் இந்த மாத்திரையோடு நிற்காது என்றும் சொல்லியிருந்தார். முதுகுப்பக்கம் ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கணும், அதற்குப் பிறகு வேறே மருந்து, அது கொஞ்சம் கடுமையான மருந்து. கடுமை என்றால் எப்படி என்று செண்பகம் கேட்டாள், அவர் சொன்னார், அதை அவன் சரியாகக் காதில் வாங்கவில்லை, ஊசி என்ற சொல்லிலேயே நின்றுபோயிருந்தான். இப்போது மாத்திரை குறைந்து குறைந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மாத்திரை என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. இந்த அட்டை தீர்ந்தால் நிறுத்திவிடலாம்.

சொட்டு உள்ளே இறங்கியது. கொஞ்சம் நேரம் விட வேண்டும், ஒரு காபி ஆறுகிற நேரம். இந்தக் காத்திருப்பில்தான் அவன் மனசு கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி எங்கெங்கோ போகும். முதல் தடவை வந்தபோது அது நோய் என்றே தெரியவில்லை, எல்லாரும் பாராட்டத்தான் செய்தார்கள். நோஞ்சானாக இருந்த பிள்ளை ஒரே வாரத்தில் கன்னம் வைத்துவிட்டது, கால் தளதளவென்று ஆகிவிட்டது, பக்கத்து வீட்டு ஞானம் அக்கா கன்னத்தைக் கிள்ளிவிட்டு, என்ன மாரி, பிள்ளைக்கு என்ன குடுக்க, எங்க வீட்டுப் பேரனுக்கும் சொல்லு என்று கேட்டாள். அவன் சிரித்தான். பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். சாயங்காலம் செண்பகம் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள், கண் பட்டிருக்கும் என்று. பிறகு ஒருநாள் சாக்ஸைக் கழற்றும்போது சாக்ஸின் விளிம்பு காலில் பள்ளமாகப் பதிந்து, கயிறு கட்டின அடையாளம் மாதிரி வட்டமாக நின்றது, போகவே இல்லை. அன்றைக்கும் அவனுக்கு முதலில் தோன்றியது சாக்ஸ் சின்னதாகிவிட்டது, புதுசு வாங்கணும் என்பதுதான். மனுஷனுக்கு மூளை எப்படியெல்லாம் ஓடிப் போய் ஒளிந்துகொள்கிறது. அதற்குப் பிறகு வீட்டில் உப்பு அளந்துதான். செண்பகம் வர்ஷிகாவுக்குத் தனியாகக் குழம்பு வைத்தாள், பிறகு பாவம் பார்த்து எல்லாருக்குமே அதையே வைத்தாள், அவன் மட்டும் மதியம் பிரஸ் பக்கத்துக் கடையில் ஊறுகாயை நக்கிக்கொண்டு ஒரு கட்டு கட்டிவிட்டு, ராத்திரி வீட்டில் நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று சாப்பிட்டான். முதலில் நிறம் மாறுகிற பட்டைதான் வாங்கினார்கள். அதில் பச்சை வந்தால் நோய், மஞ்சள் என்றால் இல்லை. இது மஞ்சப்பச்சை என்பான் அவன், இது பச்சமஞ்ச என்பாள் அவள். காலங்காத்தாலே ஜவுளிக்கடையில் சேலைக்கு ஜாக்கெட் பார்க்கிற மாதிரி ஜன்னலோரம் நின்று இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரி நர்ஸம்மா குழாய் முறையைச் சொல்லிக்கொடுத்தார். சார் என்ன வேலை பாக்கீங்க? காலண்டர் பிரஸ்ல புரூஃப் பாக்கேம்மா. அப்ப என்ன, எழுத்துப் படிக்க உங்களுக்குச் சொல்லியா குடுக்கணும், என்று சிரித்தார். அவனும் சிரித்தான். உலகத்தில் அவனுக்கென்றே ஒரு வைத்தியம் கண்டுபிடித்த மாதிரி இருந்தது அன்றைக்கு.

நேரம் ஆகியிருக்கும். அவன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குழாயை எடுத்துத் தினசரிக் காலண்டருக்கு முன்னால் பிடித்தான். தினமும் அங்கேதான் பிடிப்பான். எழுந்ததும் முந்தைய நாள் தாளைக் கிழிப்பது, நல்ல நேரம் பார்ப்பது, கீழே ராசிகளுக்கு ஒற்றைச் சொல்லில் போட்டிருக்கும் பலனை மூன்று பேருக்கும் படிப்பது, பிறகு குழாயை வர்ஷிகாவின் ராசிக்கு நேராகப் பிடிப்பது. துலாம், பாராட்டு. படித்தாயிற்று. பா, ரா, ட், டு, ஒன்றும் விட்டுப்போகவில்லை. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் படிக்க முடிகிறது, படிக்க முடிந்தால் பயமில்லை. அவன் குழாயைக் கழுவப் போனான். கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது குழாயின் பின்பக்கம் தன்னுடைய விரல்கள் தெரியவில்லை என்பதைப் பார்த்தான். பார்த்தான் என்று சொல்வதைவிட, பார்த்துவிட்டுக் கொஞ்சம் கழித்துப் பார்த்தான். இந்தப் பக்கம் கட்டைவிரல், அந்தப் பக்கம் இரண்டு விரல், நடுவில் நீர்மோர் மாதிரி ஒரு வெளுப்பு. விரல் தெரியாத இடத்தில் எழுத்து எப்படித் தெரிந்தது? வெளிச்சம், என்று சொல்லிக்கொண்டான். அங்கே ஜன்னல் இருக்கிறது, இங்கே இருட்டு. திரும்பி வந்து மறுபடியும் காலண்டருக்கு முன்னால் பிடித்தான். பாராட்டு என்றுதான் இருந்தது, பளிச்சென்று இருந்தது. அப்போது அவன் கண்ணை மூடினான். ஏன் மூடினான் என்று அவனுக்கே தெரியாது, களைப்பாக இருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டபோதும் துலாம், பாராட்டு என்று அதே இடத்தில், அதே கறுப்பில், இம்மி பிசகாமல் இருந்தது.

பிரஸ்ஸில் ஒரு கதை உண்டு. ஒரு வருஷம் ஏதோ ஒரு நகைக்கடைக்கு அடித்த தினசரிக் காலண்டரில் வெள்ளிக்கிழமைக்கு அடுத்து மறுபடியும் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. தேதி சரி, நட்சத்திரம் சரி, கிழமை மட்டும் வெள்ளி, வெள்ளி. நாலைந்து பேர் படித்துக் கையெழுத்துப் போட்ட தாள் அது. அவ்வளவு பேரும் இரண்டாவது வெள்ளியைச் சனி என்றே படித்திருக்கிறார்கள், வெள்ளிக்கு அடுத்து சனிதானே வரும், அது தெரிந்த விஷயம்தானே. மூட்டைகள் திரும்பி வந்து இறங்கியபோது மேலாளர் தேவசகாயம் அண்ணாச்சி யாரையும் திட்டவில்லை. தெரிஞ்சவன் கண்ணு குருட்டுக் கண்ணுடா, இனிமே ஒருக்கா படிச்சவன் மறுக்கா படிக்கக் கூடாது, வேற கண்ணக் கூப்பிடு, என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பிரஸ்ஸில் அதுதான் சட்டம். மாரீஸ்வரன் அந்தச் சட்டத்தைப் புதுப் பையன்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான், தனக்குத் தோன்றிய மாதிரியே சொல்லியிருக்கிறான். இந்தக் காலண்டர் அவனுடைய பிரஸ்ஸில் அடித்தது. ஆடி பதினெட்டுக்கு, வியாபாரிகளுக்குக் காட்டும் மாதிரி ஆல்பம் போடுவதற்கு முன்னாலேயே இதன் ஒவ்வொரு தாளையும் அவன் படித்தாகிவிட்டது. பன்னிரண்டு ராசிக்கும் ஆதாயம், அலைச்சல், பாராட்டு, செலவு என்று ஒரு கூடைச் சொற்களைத்தான் மாற்றி மாற்றிப் போடுவார்கள், அதில் அவனுக்குத் தெரியாத சொல் கிடையாது. அது போதாதென்று இன்று காலையிலும், தாளைக் கிழித்த கையோடு, குழாயைத் தொடுவதற்கு முன்னாலேயே படித்திருந்தான். அப்படியானால் இவ்வளவு நாளும் குழாய் வழியாக அவன் படித்தது எதை. நேற்று துலாமுக்கு என்ன? பயணம். முந்தாநாள்? அமைதி. எல்லாம் ஞாபகம் இருக்கிறது, கடகடவென்று வருகிறது. குழாய் எப்படி இருந்தது என்பதுதான் வரவில்லை. நேற்றைய குழாய் என்று ஒன்றை மனசுக்குள் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அங்கே பயணம் என்ற சொல் மட்டும் இருந்தது, குழாயைக் காணோம். சரி, இப்போது என்ன குடிமுழுகிவிட்டது, அவசரப்படாதே, என்று தனக்குச் சொன்னான், தெரியாத எழுத்தாகப் பார்த்து வைத்துப் படித்தால் தீர்ந்தது. அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். கோதுமை மாவு பாக்கெட், அதன் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். மாத்திரை அட்டை, தெரியும். வர்ஷிகாவின் தமிழ்ப் புத்தகம், பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். சுவரில் மின்சார மீட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கும் துண்டுச்சீட்டு வரைக்கும் தெரியும். இந்தத் தொழிலுக்கு வந்தவனுக்கு எழுத்து என்று எங்கே இருந்தாலும் கண் போய் மேய்ந்துவிட்டு வந்துவிடும், நிறுத்த முடியாது. கடைசியில் டிவிக்கு மேலே ஒரு கவர் கண்ணில் பட்டது, நேற்று சாயங்காலம் ஞானம் அக்கா கொடுத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகை, அவள் தம்பி மகளுக்கு. பத்திரிகையை வாங்கினதும் பிழை கண்டுபிடிக்க ஆரம்பிக்கிறான் என்று செண்பகம் அவனுக்குப் பத்திரிகை படிக்கத் தடை போட்டிருந்தாள். வந்தவங்க முன்னாடியே இதுல ஒற்று விட்டுப்போச்சுன்னு சொல்லுத, உன்னைய எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான், என்று. அதனால் கவரைப் பிரிக்கவில்லை.

அவன் பத்திரிகையை உருவி, பார்க்காமலே விரித்துச் சாப்பாட்டு மேசையில் சுவரோடு சாய்த்து வைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டே குழாயை அதன் முன்னால் பிடித்து, சுற்றியிருக்கிற எழுத்தைக் கவரால் மறைத்து, பிறகு குனிந்தான். ஒன்றும் இல்லை. சாம்பலாக ஏதோ கோடுகள் நெளிந்தன, எழுத்தாகவும் இருக்கலாம், கொடியும் பூவும் போட்ட ஓரமாகவும் இருக்கலாம். தங்க மசியில் அடித்திருப்பான், தங்க மசி சும்மாவே கண்ணுக்குத் தெரியாது, அதுவும் தாள் மஞ்சள், எந்தப் பிரஸ்ஸில் கொடுத்தார்களோ. கண்ணாடியும் மாற்ற வேண்டியிருக்கிறது, போன வருஷமே மாற்றியிருக்கணும். ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தபோதே, இன்னொரு பக்கம், இது எல்லாமே சாக்ஸ் சின்னதாகிவிட்டது என்கிற ஜாதிதான் என்றும் தெரிந்தது. அவனுக்குப் பயமாக இருந்தது. சத்தமில்லாத, நெஞ்சை அடைக்காத ஒரு பயம், காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுகிற மாதிரி. இன்று காலை எழுப்பும்போது பிள்ளையின் கண் இடுங்கியிருந்தது. தூக்கம் என்று நினைத்தான். நேற்றும் தூக்கம்தான். ஞானம் அக்கா பத்திரிகை கொடுக்க வந்தபோது, பரவால்ல மாரி, பிள்ளை நல்லாத் தேறிட்டா, என்று சொல்லிவிட்டுப் போனாள், அவன் சிரித்தான். ஒருக்கா படிச்சவன் மறுக்கா படிக்கக் கூடாது. வேறே கண்ணுக்கு இப்போது எங்கே போவது? செண்பகம் சாயங்காலம்தான் வருவாள், தீப்பெட்டி ஆபீசில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஞானம் அக்காவைக் கூப்பிடலாம், ஆனால் அது அவள் வீட்டுப் பத்திரிகை, அவளுக்கு மனப்பாடம். வீட்டில் இன்னொரு ஜோடிக் கண் இருந்தது. அதைக் கூப்பிடுவது சரியா என்று அவன் யோசிக்கவில்லை, யோசித்தால் கூப்பிட மாட்டான்.

“வர்ஷிகா, இங்க வாம்மா.”

“விளம்பரம் போட்டதும் வாரேன்ப்பா.”

“இப்பவே வா. டிவி ஓடுறது எனக்குத் தெரியும்.”

வந்தாள். மேசை அவளுக்கு நெஞ்சளவு உயரம். மறுபடியும் அதே மாதிரி கவரால் மறைத்து, பத்திரிகைக்கு முன்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு, “இது வழியா என்ன தெரியுதுன்னு படி பாப்போம்,” என்றான். இதுவரை அவளை யாரும் குழாய் பார்க்கச் சொன்னதில்லை. ஆனால் குழாய் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், குழாய் சரியில்லை என்றால் பள்ளிக்கூடம் கிடையாது, அப்பளம் கிடையாது, முகம் உருண்டையாகி வகுப்பில் பன்னு என்று கூப்பிடுவார்கள், எல்லாம் தெரியும். தலையை அந்தப் பக்கம் சாய்த்தாள், இந்தப் பக்கம் சாய்த்தாள்.

“திருமண அழைப்பிதழ்,” என்று படித்தாள். திக்காமல், தெளிவாக.

மாரீஸ்வரனுக்கு உடம்பெல்லாம் லேசானது. பார், சின்னக் கண், கண்ணாடி போடாத கண், அதற்குத் தெரிகிறது. குற்றம் உன் கண்ணாடியில், தங்க மசியில். பாதி மூச்சு விட்டிருப்பான், அதற்குள் அவனுடைய தொழில் குறுக்கே வந்து நின்றது. எந்தக் கல்யாணப் பத்திரிகையில் மேலே வேறே மாதிரிப் போட்டிருக்கிறது? இந்த ஊரில் அப்பளம் மாதிரிப் பத்திரிகை அடித்துத் தள்ளுகிறார்கள், பேசத் தெரிந்த எந்தப் பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்.

“அதுக்குக் கீழ?”

“கீழ... பொண்ணு பேரு போட்டுருக்கு.”

“என்ன பேரு?”

அவள் குழாயைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள், அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

“சௌந்தர்யா,” என்றாள்.

அவன் குழாயையும் கவரையும் எடுத்தான். தங்க மசி இல்லை, நல்ல அரக்குச் சிவப்பு, கொட்டை கொட்டையான எழுத்து. மணமகள் பெயர் கற்பகவல்லி என்றிருந்தது. வர்ஷிகாவும் குனிந்து அதைப் படித்தாள், உதடு அசைந்தது.

“தப்பும்மா,” என்றான். பிரஸ்ஸில் நாள் முழுக்கச் சொல்கிற சொல். வீட்டில் அவளிடம் சொன்னதாக ஞாபகமில்லை.

அவள் அழவில்லை. “தெரியுதுன்னு சொன்னா மதுரைக்குப் போக வேணாம்லப்பா,” என்றாள், வாதாடுகிற மாதிரி இல்லை, விளக்கம் சொல்கிற மாதிரி. அவன் கீழே உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அமுக்கினான். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தை நிமிர்த்திப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான், ரெப்பை இரண்டும் பொதபொதவென்று வீங்கி, கண் கீற்றாக இருந்தது. ஒருநாளில் வருகிற வீக்கமில்லை இது.

“அப்ப நேத்து?” என்றாள் வர்ஷிகா.

“நேத்து என்ன?”

“நேத்து நீதானப்பா படிச்ச. நேத்து தெரிஞ்சுச்சா?”

அவன் எழுந்து போனை எடுத்தான். மதுரை ஆஸ்பத்திரியில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது, என்ன கேட்பார்கள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எப்ப இருந்து என்றுதான் கேட்பார்கள், அதை வைத்துத்தான் மேற்கொண்டு எல்லாம். இன்னைக்குத்தான் என்று சொன்னால் போதும். அதை யாரும் மறுக்க முடியாது, செண்பகத்துக்குக்கூட அதையே சொல்லிக்கொள்ளலாம், ஆயுசுக்கும் சொல்லிக்கொள்ளலாம். வர்ஷிகா கூடவே வந்து அவன் கைலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இன்னும் அவளுக்குப் பதில் வரவில்லை.

நர்ஸம்மாதான் எடுத்தார். பெயரைச் சொன்னான், பிள்ளைக்கு வீக்கம் வந்திருக்கு என்றான்.

“வீக்கமா? வீக்கம் வர்ற வரைக்கும் என்ன சார் பண்ணீங்க? எப்ப இருந்து குழாய் கலங்குது?”

அவன் வாயைத் திறந்தான். இன்னைக்குத்தான் என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கீழே பார்த்தான். பிள்ளை அண்ணாந்து, கீற்றுக் கண்ணால், அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியலம்மா,” என்றான்.

“தெரியலன்னா என்ன அர்த்தம் சார்? தினமும் பாக்கச் சொல்லித்தான சொட்டு மருந்து குடுத்து விட்டோம்? பாத்தீங்களா, பாக்கலையா?”

ஒருநாள் தவறினது கிடையாது. காய்ச்சலோடு எழுந்து பார்த்திருக்கிறான், தீபாவளி அன்று எண்ணெய்த் தலையோடு பார்த்திருக்கிறான்.

“பாக்கல,” என்றான் மாரீஸ்வரன்.